முகத்தில் நிறம் ஒரு வேலை, ஒளி இன்னொரு வேலை

கல்யாண சீசன் முடிந்த கையோடு, கல்யாணப் படம் எடுப்பவர்களின் கடிதங்கள் குவிந்துவிட்டன. பாதிக்கு மேல் ஒரே புலம்பல்தான்: முகம். லென்ஸ், ஃபிளாஷ் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த முறை நான் எடிட்டிங் மேசையை விட்டு எழுந்திருக்கப் போவதில்லை.

திண்டுக்கல் வாசகர்: அக்கா, நான் கல்யாண ஆர்டர் எடுக்கிறேன். லைட்ரூமில் கலர் பார்த்துவிட்டு போட்டோஷாப்பில் டச்சப் செய்வது வழக்கம். திரையில் நன்றாக இருக்கிற பொண்ணு முகம் ஆல்பத்தில் செங்கல் கலரில் வந்து நிற்கிறது. ‘கேப்சர் ஒன் சாஃப்ட்வேருக்கு மாறிவிடு, ஸ்கின் டோன் தானாக வந்துவிடும்’ என்கிறான் நண்பன். மாறிவிடட்டுமா, இல்லை மூன்றையும் சேர்த்து ஓட்டலாமா? ஃபைலும் அனுப்பியிருக்கிறேன்.

பதில்: மாறுவதைப் பிறகு பேசுவோம் தம்பி. அந்தப் பெண் முகத்துக்கு எத்தனை தடவை கான்ட்ராஸ்ட் ஏற்றியிருக்கிறீர்கள், எண்ணிப் பார்த்தீர்களா? நான் ஃபைலைத் திறந்து எண்ணினேன். லைட்ரூமில் பேசிக் பேனலில் ஒன்று. அதற்குக் கீழே டோன் கர்வில் (வெளிச்சத்தை ஏற்றி இறக்கும் கோடு) எஸ் வளைவு. போட்டோஷாப்புக்குப் போய் இன்னொரு கர்வ்ஸ் லேயர். அதற்கும் மேலே, பல வேலையை ஒரே கிளிக்கில் செய்யக் காசு கொடுத்து வாங்கின ஆக்‌ஷன் ஒன்று, அது உள்ளே என்ன செய்கிறது என்று உங்களுக்கே தெரிந்திருக்காது. நாலு இடத்தில் ஒரே வேலை.

ஆர்ஜிபி கர்வில், அதாவது சிவப்பு, பச்சை, நீலம் மூன்று சேனலையும் சேர்த்து வளைக்கும் கோட்டில், கான்ட்ராஸ்ட் ஏற்றினால் நிறமும் கூடவே ஏறும். மாநிறத் தோலில் சிவப்பு சேனல் உயரத்தில் இருக்கும், நீலம் தாழ்வில் இருக்கும். எஸ் வளைவு உயரத்தில் இருப்பதை இன்னும் மேலே தள்ளும், தாழ்வில் இருப்பதை இன்னும் கீழே இழுக்கும். சிவப்பு 190, பச்சை 140, நீலம் 110 என்றிருந்த கன்னம் ஒரே வளைவில் 205, 145, 98 ஆகிவிடலாம். பார்க்க ‘பஞ்ச்’ ஆக இருக்கும், அதனால் சந்தோஷப்பட்டு அடுத்த வளைவையும் போட்டுவிடுவோம். மூன்றாவது வளைவில் சிவப்பு 255 என்ற முட்டுக்கு வந்துவிடும், கன்னத்தின் மேடு பள்ளமெல்லாம் தட்டையாகிவிடும். அதைத்தான் ஆல்பத்தில் செங்கல் என்கிறீர்கள். ஆல்பம் அச்சடிக்கும் லேப்காரரைத் திட்டாதீர்கள், அவர் மேல் தப்பில்லை.

என் மேசையில் ஒரே சட்டம்தான். நிறத்தைத் தொடுவது ஒரு இடம், ஒளியைத் தொடுவது வேறு இடம். ஒரு இடத்தில் செய்ததை இன்னொரு இடத்தில் திரும்பச் செய்யக் கூடாது. மென்பொருள் எத்தனை வைத்திருக்கிறோம் என்பது இதற்கு அப்புறம்தான்.

நடைமுறையில் எப்படி என்றால், ரா ஃபைலை (கேமரா பதிவு செய்த அசல் ஃபைல்) திறந்ததும் மூன்றே காரியம்: வொயிட் பேலன்ஸ், எக்ஸ்போஷர், புரொஃபைல் (ராவை எப்படி நிறமாக வாசிப்பது என்ற அடிப்படை). லைட்ரூம் தானாக ‘அடோபி கலர்’ புரொஃபைலைப் போட்டுக்கொள்ளும். அதை ‘அடோபி போர்ட்ரெய்ட்’ என்று மாற்றிப் பாருங்கள். 2018 அப்டேட்டில் வந்தது, இன்னும் பலர் அந்தப் பக்கமே எட்டிப் பார்த்ததில்லை. முகத்தில் கான்ட்ராஸ்ட்டும் சாச்சுரேஷனும் (நிறத்தின் அடர்த்தி) கொஞ்சம் இறங்கி நிற்கும், நமக்கு வேலை செய்ய இடம் கிடைக்கும். எக்ஸ்போஷரை முதலில் முடியுங்கள், நிறத்தைப் பிறகு பாருங்கள். வெளிச்சம் மாறினால் நிறமும் மாறித் தெரியும் என்பதால் இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் இரட்டை வேலை.

அடுத்து தோல் நிறத்தைச் சமன்படுத்துவது. இங்கேதான் உங்கள் நண்பர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கேப்சர் ஒன்னின் கலர் எடிட்டரில் ஸ்கின் டோன் என்று தனி டேப் உண்டு. முகத்தில் நல்லதாக ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டிவிட்டு, கீழே யூனிஃபார்மிட்டி (ஒரே சீராக்குவது) என்ற தலைப்பில் ஹியூ (நிறத்தின் வகை), சாச்சுரேஷன், லைட்னஸ் (வெளிச்சம்) மூன்றையும் தனித்தனியாக நகர்த்தலாம். ஹியூவை நகர்த்தினால் மூக்கு நுனி, காது, தாடை எல்லாம் நீங்கள் தொட்டுக் காட்டின நிறத்தை நோக்கி வரும். அருமையான கருவி. பாதிக்கு மேல் தள்ளினால் மட்டும் மெழுகு பொம்மை ஆகிவிடும். லைட்னஸ் யூனிஃபார்மிட்டியை நான் தொடுவதே இல்லை. முகத்துக்கு வடிவம் கொடுப்பதே வெளிச்சமும் நிழலும்தான், அதைச் சமன்படுத்தி என்ன செய்யப் போகிறோம்?

அதற்காக ஓடிப்போய் சந்தா கட்ட வேண்டாம். லைட்ரூமில் 2023 அக்டோபரில் ‘பாயின்ட் கலர்’ வந்துவிட்டது. கன்னத்தில் ஒரு நிறத்தை எடுத்து, அதற்குப் பக்கத்தில் எந்த அகலம் வரை பிடிக்க வேண்டும் என்று ரேஞ்சைச் சுருக்கி, அதை மட்டும் நகர்த்தலாம். 2022இல் வந்த பீப்பிள் மாஸ்க்கில் முகத்தோலை மட்டும் தேர்ந்துகொண்டு, அதற்குள் பாயின்ட் கலரைப் போட்டால் பட்டுப்புடவையும் நகையும் அப்படியே நிற்கும், முகம் மட்டும் நகரும். கேப்சர் ஒன் யாருக்கு வேண்டும் என்றால், ஸ்டுடியோவில் கேமராவைக் கம்ப்யூட்டரோடு கேபிளில் இணைத்து எடுப்பவர்களுக்கு. அதில் அது கெட்டிக்காரப் பிள்ளை. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: லைட்ரூமில் செய்த திருத்தம் கேப்சர் ஒன்னுக்கு முழுசாகப் புரியாது, அங்கே செய்தது இங்கே புரியாது. ரா வேலைக்கு இரண்டில் ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து 16 பிட் டிஃப் (தரம் குறையாத பட ஃபைல்) ஆக எடுத்துக்கொண்டு போட்டோஷாப்புக்குப் போங்கள்.

போட்டோஷாப்பில் ஒளி வேலை. கர்வ்ஸ் லேயர் போட்டதும் பிளென்டிங் மோடை (லேயர் கீழே உள்ள படத்தோடு கலக்கும் விதம்) நார்மலிலிருந்து லூமினாசிட்டிக்கு மாற்றுங்கள். கான்ட்ராஸ்ட் ஏறும், நிறம் அசையாது. உங்கள் ஃபைலில் நான் அதை மட்டும் மாற்றிப் பார்த்தேன், செங்கலில் பாதி போய்விட்டது. ஆனால் லூமினாசிட்டியையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். நம் ஊர் முகத்தில் ஆழமான நிழலை அந்த மோடில் நிறைய தூக்கினால், வெளிச்சம் ஏறும், நிறம் கூட வராது, சாம்பல் பூசினது மாதிரி ஆகிவிடும். பெரிய ஏற்றம் வேண்டுமென்றால் ராவுக்குத் திரும்பிப் போய் எக்ஸ்போஷரில் ஏற்றுங்கள். சின்னச் சின்ன மேடு பள்ளத்துக்கு மட்டும் லூமினாசிட்டி.

உங்கள் படத்தில் ஒரு இடம். பொண்ணு அரக்குக் கூறைப்புடவை கட்டியிருக்கிறாள், மேலேயிருந்து மண்டப விளக்கு. புடவையில் பட்ட வெளிச்சம் திரும்பி வந்து தாடைக்கு அடியிலும் கழுத்திலும் சிவப்பாக விழுந்திருக்கிறது. போட்டோஷாப்பில் கலர் சாம்ப்ளரை 11க்கு 11 சராசரிக்கு வைத்து நெற்றியில் ஒன்று, தாடையடியில் ஒன்று குத்துங்கள். இன்ஃபோ பேனலில் எச்எஸ்பி (ஹியூ, சாச்சுரேஷன், பிரைட்னஸ்) காட்டச் சொன்னால் நெற்றியில் ஹியூ 22 டிகிரி, தாடையடியில் 9 டிகிரி. நெற்றி சரியான நிறத்தில்தான் இருக்கிறது, தாடைதான் விலகி நிற்கிறது. நீங்கள் என்ன செய்திருக்கிறீர்கள்? மொத்தப் படத்திலும் சிவப்பைக் குறைத்திருக்கிறீர்கள். தாடை கொஞ்சம் சரியானது, நெற்றி பச்சை தட்டிவிட்டது, அரக்குப் புடவை காப்பிப்பொடி கலருக்குப் போய்விட்டது. அதைச் சரிக்கட்டத்தான் மேலே வார்ம் ஆக்‌ஷன்.

இதற்கு ஒரு காலி லேயர் போதும். மோடை ‘கலர்’ என்று வையுங்கள். கன்னத்திலிருந்து ஆல்ட் அழுத்தி நிறம் எடுங்கள், மெத்தென்ற பிரஷ், ஃப்ளோ (பிரஷ் ஒரு தடவைக்குப் பூசும் அளவு) 5 சதவீதம், தாடைக்கு அடியில் மெல்ல மெல்லத் தடவுங்கள். நிழல் நிழலாகவே இருக்கும், சிவப்பு மட்டும் இறங்கும். 9ஐ 22க்குக் கொண்டுவர வேண்டாம், 16 வந்ததும் கையை எடுங்கள். சிவப்புப் புடவை கட்டினவள் கழுத்தில் கொஞ்சம் சிவப்பு இருக்கத்தான் செய்யும். சுத்தமாக எடுத்துவிட்டால் தலையை வேறு படத்திலிருந்து வெட்டி ஒட்டியது மாதிரி தெரியும்.

லேபுக்கு அனுப்புமுன் கடைசியாக ஒரு பார்வை. இன்ஃபோ பேனலை சிஎம்ஒய்கே (அச்சு மைகள்: சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு) எண்களுக்கு மாற்றி, கன்னத்தில் நேரடி வெளிச்சம் படும் இடத்தை வாசியுங்கள். நம் ஆட்களின் முகத்தில் மஞ்சள், மெஜந்தாவை விடக் கூடுதலாக இருக்க வேண்டும். மெஜந்தா முந்திவிட்டால் முகம் சிவக்கும். சயான், மெஜந்தாவில் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கிவிட்டால் வெயிலில் வெந்தது போல இருக்கும். நான் கைக்கணக்காக வைத்திருப்பது இது, லிப்ஸ்டிக் ரூஜ் போட்ட இடத்தில் செல்லாது. திரை பொய் சொல்கிற நேரத்தில் இந்த எண்கள் காப்பாற்றும்.

மானாமதுரை வாசகர்: ஆல்பம் பார்க்கிற எல்லா அம்மாக்களும் ‘பொண்ணைக் கொஞ்சம் கலரா காட்டுங்க’ என்கிறார்கள். செய்யாவிட்டால் அடுத்த ஆர்டர் போச்சு. எச்எஸ்எல்-லில் (ஒவ்வொரு நிறத்தையும் தனியாக நகர்த்தும் இடம்) ஆரஞ்சு லூமினன்ஸை, அதாவது வெளிச்சத்தை, ஏற்றினால் முகம் வெளுத்துச் செத்துப்போகிறது. வேறு வழி?

பதில்: முதலில் அந்த ஆரஞ்சு ஸ்லைடரை விடுங்கள். ஆரஞ்சில் தோல் மட்டுமா இருக்கிறது? தங்க நகையின் நிழல் பக்கம், உதட்டின் ஓரம், பின்னால் மரக்கதவு எல்லாம் அதே குடும்பம். மொத்தமும் சேர்ந்து ஏறும். முகத்தில் மேடும் பள்ளமும் ஒரே அளவில் ஏறுவதால் மூக்குக்கும் கன்னத்துக்கும் வித்தியாசம் இல்லாமல் போய்விடும். செத்துப்போகிறது என்று எழுதினீர்களே, சரியான வார்த்தை.

அந்த அம்மா என்ன கேட்கிறார் என்பதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். எதிரே உட்கார வைத்து, ‘எந்த இடம்மா கறுப்பாத் தெரியுது?’ என்று திரையில் தொட்டுக் காட்டச் சொல்வேன். பெரும்பாலும் விரல் போகிற இடம் கண்ணுக்குக் கீழே, வாயோரம், மூக்கின் பக்கவாட்டு. மண்டபத்தில் உச்சந்தலைக்கு மேலே எரியும் விளக்கு போட்ட நிழல் அது. பெண்ணின் நிறத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அந்த மூன்று இடத்தில் மட்டும் டாட்ஜ் (வெளிச்சம் ஏற்றுவது) செய்யுங்கள்: கர்வ்ஸ் லேயரில் நடுவைக் கொஞ்சம் தூக்கி, மாஸ்க்கைக் கறுப்பாக்கி (கறுப்பு மறைக்கும், வெள்ளை காட்டும்), வெள்ளை பிரஷில் ஃப்ளோ 3 சதவீதத்தில் ஏற்றிக்கொண்டே வாருங்கள். அப்புறம் லைட்ரூமில் பின்னணியை மட்டும் மாஸ்க் எடுத்து அரை ஸ்டாப் (எக்ஸ்போஷரில் -0.5) இருட்டாக்குங்கள். முகத்தைத் தொடவே இல்லை, ஆனால் முகம் எடுப்பாக வந்துவிடும். பக்கத்தில் இருப்பது இருண்டால் இது வெளிச்சமாகத் தெரியும். கண் அப்படித்தான் பார்க்கும். என் அனுபவத்தில் முக்கால்வாசி அம்மாக்கள் இத்தோடு ‘ஆங், இப்ப நல்லாருக்கு’ என்று எழுந்துவிடுவார்கள்.

மீதி ஆட்கள் நிஜமாகவே வெள்ளைக்காரி ஆக்கச் சொல்பவர்கள். நான் செய்வதில்லை. ஒரு காரணம், என் விருப்பம். இன்னொன்று தொழில் காரணம்: பக்கத்து ஷீட்டில் அதே பெண் சித்தி, அத்தை, மாமாவோடு குரூப்பில் நிற்கிறாள். ஒரு ஷீட்டில் ஒரு நிறம், அடுத்த ஷீட்டில் வேறு நிறம் என்றால் பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், பழி ஸ்டுடியோ மேல் விழும்.

இந்த வியாதி நம்மோடு பிறந்தது இல்லை என்பதற்காக ஒரு சங்கதி. ஃபிலிம் காலத்தில் கோடாக் நிறுவனம் பிரின்ட் போடும் லேப்களுக்குச் சோதனை அட்டை அனுப்பும். ஷெர்லி கார்டு என்று பெயர். அட்டையில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம். அவள் முகம் சரியாக வந்தால் மெஷின் சரி என்று அர்த்தம். பல நிறத்துப் பெண்கள் இருக்கிற அட்டை வர 1990கள் ஆகிவிட்டது. நம் தாத்தா பாட்டி கலர் படங்கள் பலதில் முகம் கரிக்கட்டையாகவும் வேட்டி பளிச்சென்றும் இருப்பதற்கு அந்த அட்டைக்கும் பங்கு உண்டு. 1976இல் வந்த 24 கட்டக் கலர்செக்கர் அட்டையில் முதல் கட்டமே கறுத்த தோலின் நிறம், இரண்டாவது வெளுத்த தோல். அந்த அட்டை ஒன்றை வாங்கி, மேடையில் முதல் படமாகப் பொண்ணு கையில் கொடுத்து எடுத்து வையுங்கள். அம்மாவோடு வாக்குவாதம் வந்தால் அதைக் காட்டலாம்.

பரமக்குடி வாசகர்: லைட்ரூமிலிருந்து போட்டோஷாப்புக்குப் போகும்போது புரோபோட்டோ, அடோபி ஆர்ஜிபி, எஸ்ஆர்ஜிபி என்று கலர் ஸ்பேஸ் (ஃபைல் எவ்வளவு நிறம் தாங்கும் என்ற எல்லை) கேட்கிறது. எது? லேபில் கொடுத்தது டல் அடித்து வந்துவிட்டது.

பதில்: லைட்ரூம் உள்ளுக்குள் கணக்குப் போடுவது புரோபோட்டோ அளவுக்கு அகலமான இடத்தில். அதனால் நடுவில் போகும் ஃபைலைப் புரோபோட்டோவிலோ அடோபி ஆர்ஜிபியிலோ 16 பிட்டாக அனுப்பலாம். 8 பிட் மட்டும் கூடாது. ஒரு சேனலுக்கு 256 படிதான் இருக்கும், அதை வைத்துக்கொண்டு நெற்றியில் நாலு தடவை டாட்ஜ் செய்தால் கோடு கோடாகப் பிளந்து நிற்கும். புரோபோட்டோவும் 8 பிட்டும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

வீட்டை விட்டு வெளியே போகும் ஃபைல் மட்டும் எஸ்ஆர்ஜிபி. 1996இல் எச்பியும் மைக்ரோசாஃப்ட்டும் சேர்ந்து கொண்டுவந்தது, இன்றைக்கும் ஆல்பம் லேப், வாட்ஸ்அப், டிவி எல்லாம் எதிர்பார்ப்பது அதைத்தான். உங்களுக்கு டல் அடித்ததன் காரணம், ஃபைல் புரோபோட்டோவிலேயே போயிருக்கிறது, அங்கே அதை எஸ்ஆர்ஜிபி என்று நினைத்து வாசித்திருக்கிறார்கள். போட்டோஷாப்பில் ‘கன்வர்ட் டு புரொஃபைல்’ கொடுக்க வேண்டும். பக்கத்திலேயே இருக்கிற ‘அசைன் புரொஃபைல்’ பக்கம் போகாதீர்கள். கன்வர்ட் செய்தால் தோற்றத்தைக் காப்பாற்ற எண்களை மாற்றும். அசைன் செய்தால் எண்களை அப்படியே விட்டுவிட்டு அர்த்தத்தை மாற்றிவிடும், முகமும் மாறிவிடும்.

பட்டுக்கோட்டை வாசகி: உங்கள் பிரீசெட் (சேமித்து வைத்த ஸ்லைடர் அளவுகள்) கிடைக்குமா? விலை சொல்லுங்கள்.

பதில்: கிடையாதும்மா. என் பிரீசெட் என் ஊர் மண்டபத்து டியூப்லைட்டுக்குத் தைத்த சட்டை, உங்கள் ஊர் வெயிலுக்குப் பொருந்தாது. உங்கள் நல்ல படம் ஒன்றில் புரொஃபைலும் நாய்ஸ் ரிடக்‌ஷனும் மட்டும் சேமித்து வையுங்கள். வொயிட் பேலன்ஸும் எக்ஸ்போஷரும் எந்தப் பிரீசெட்டிலும் இருக்கக் கூடாது.

நாகர்கோவில் வாசகர்: ரிசப்ஷன் மேடையில் பின்னால் எல்இடி சுவர்த்திரை, பக்கத்தில் ஊதா பார் லைட். மாப்பிள்ளை முகத்தில் ஒரு பாதி ஊதா, ஒரு பாதி மஞ்சள். வொயிட் பேலன்ஸ் எங்கே குத்தினாலும் ஒரு பாதி கெடுகிறது.

பதில்: கெடத்தான் செய்யும். ஒரு முகத்தில் இரண்டு விளக்கு விழுந்தால் ஒரே வொயிட் பேலன்ஸ் போதாது. மஞ்சள் பாதிக்கு மொத்தப் படத்தையும் சரிசெய்துகொள்ளுங்கள். பிறகு லைட்ரூமில் முகத்தோல் மாஸ்க் எடுத்து, அதை ஒரு லீனியர் கிரேடியன்ட்டோடு (ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் மங்கிப்போகும் மாஸ்க்) இன்டர்செக்ட் கொடுங்கள். ஊதா விழுந்த பாதி மட்டும் மாஸ்க்கில் நிற்கும். அங்கே டின்ட்டைப் பச்சைப் பக்கமும் டெம்பரேச்சரை மஞ்சள் பக்கமும் நகர்த்துங்கள். சாச்சுரேஷனைக் கொஞ்சம் இறக்குங்கள். முழுக்க மறைக்க முயல வேண்டாம், ஊதா லைட் போட்ட மேடை என்று எல்லாருக்கும் தெரியும்.

அதற்கும் அடங்காத படங்கள் உண்டு. ஊதா எல்இடி நேராக முகத்தில் அடித்தால் சிவப்பும் நீலமும் பர்ன் ஆகி (255இல் முட்டி), கன்னம் பெயின்ட் அடித்த மாதிரி ஒரே பரப்பாக நிற்கும். அப்போது போட்டோஷாப்பில் சேனல்ஸ் பேனலைத் திறந்து மூன்றையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். சிவப்பில் விவரம் ஒன்றும் இருக்காது, நீலத்திலும் இருக்காது. பச்சை சேனல் இருட்டாகக் கிடக்கும், ஆனால் மூக்கு, கண்ணிமை, தாடியின் முடி எல்லாம் அதற்குள் பத்திரமாக இருக்கும். அந்தச் சேனலை காப்பி செய்து மேலே தனி லேயராக ஒட்டி, லெவல்ஸில் தூக்கி, மோடை லூமினாசிட்டிக்கு மாற்றினால் முகத்துக்கு வடிவம் திரும்பி வரும். கொஞ்சம் பொரிப்பொரியாக இருக்கும், 12க்கு 36 அங்குல ஆல்பம் ஷீட்டில் சின்னதாக வைத்தால் தெரியாது. பச்சையிலும் ஒன்றும் இல்லையென்றால் பிளாக் அண்ட் வொயிட் ஆக்கிவிட்டு ‘கேண்டிட்’ என்று சொல்லிவிடுங்கள், வேறு வழியில்லை.

இதே கடிதத்தில் நலங்கைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள், இப்போது எல்லாரும் ஹல்தி என்கிறார்களே, அது. மஞ்சள் பூசின முகம் மஞ்சளாகத்தான் இருக்க வேண்டும், அதை எடுத்துவிட்டால் பூசினதே வீண். மஞ்சள் பந்தலிலிருந்து கண்ணின் வெள்ளையிலும் பல்லிலும் விழுந்த சாயலை மட்டும் எடுங்கள். பீப்பிள் மாஸ்க்கில் அவை இரண்டுக்கும் தனித் தேர்வு இருக்கிறது. கண்ணும் பல்லும் சுத்தமானால், கன்னத்து மஞ்சள் மஞ்சள்தான் என்று பார்க்கிறவருக்குப் புரிந்துவிடும்.

சின்னசேலம் வாசகர்: நான் கல்லூரி மாணவன். மாதச் சந்தா கட்ட வசதியில்லை. திருட்டு காப்பி வேண்டாம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இலவசத்தில் இந்த வேலையெல்லாம் முடியுமா?

பதில்: முடியும். கொஞ்சம் பொறுமை வேண்டும். ரா வேலைக்கு டார்க்டேபிள், டச்சப்புக்கு கிம்ப். இரண்டும் யாரும் இறக்கிக்கொள்ளலாம், விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும்.

டார்க்டேபிளைத் திறந்தவுடன் மிரண்டுவிடாதீர்கள், மாட்யூல்கள் வரிசையாக வந்து நிற்கும். போர்ட்ரெய்ட்டுக்கு நான்கு போதும். எக்ஸ்போஷர், வொயிட் பேலன்ஸைச் சரிபார்க்க கலர் கேலிபரேஷன், வெளிச்சம் நிழலுக்கு டோன் ஈக்வலைசர், நிறத்துக்கு கலர் பேலன்ஸ் ஆர்ஜிபி. டோன் ஈக்வலைசர் எனக்கு ரொம்பப் பிடித்தது. படத்தில் நிழல் விழுந்த கன்னத்தின் மேல் கர்சரை வைத்து மவுஸ் சக்கரத்தைச் சுற்றினால் அந்த அளவு வெளிச்சமுள்ள இடங்கள் மட்டும் ஏறும் இறங்கும், உள்ளிருக்கும் நுணுக்கமான டெக்ஸ்ச்சர் கெடாது. காசு கொடுத்து வாங்கும் மென்பொருளில்கூட இதை இவ்வளவு அழகாக நான் பார்த்ததில்லை. தோலை மட்டும் பிடிக்க பாராமெட்ரிக் மாஸ்க் இருக்கிறது: எந்த ஹியூ, எவ்வளவு வெளிச்சம் என்று எல்லை வைத்துவிட்டால் மாஸ்க் தானே உருவாகும். சிவப்புச் சுவர் பின்னால் இருந்தால் மாட்டிக்கொள்வீர்கள், அப்போது கையால் ஒரு வட்டம் வரைந்து அதோடு சேர்த்துவிடுங்கள்.

அங்கிருந்து 16 பிட் டிஃப். கிம்ப் 2.10 பதிப்பிலிருந்து, அதாவது 2018 முதல், அந்த ஆழத்தில் வேலை செய்கிறது. 2025இல் வந்த 3.0 பதிப்பில் ஃபில்டர் போட்ட பிறகும் திரும்பிப் போய் மாற்றிக்கொள்ளலாம். மேலே திண்டுக்கல் தம்பிக்குச் சொன்ன தாடை வைத்தியத்துக்கு கிம்ப்பில் லேயர் மோடை ‘எல்சிஎச் கலர்’ என்று வையுங்கள், பிரஷ் வேலை அதேதான்.

ஆம்பூர் வாசகர்: ஃப்ரீக்வென்சி செபரேஷன் கற்றுக்கொண்டேன். செய்தால் எல்லார் முகமும் பிளாஸ்டிக்!

பதில்: கீழ் லேயரை பிளர் அடித்துத் தள்ளினால் பிளாஸ்டிக்தான் வரும். அந்த முறையின் உபயோகமே நிறத்தையும் தோலின் டெக்ஸ்ச்சரையும் பிரித்து வைப்பது. கீழ் லேயரில் நிறத் திட்டுகள், மேல் லேயரில் துவாரமும் முடியும். கீழ் லேயரில் லாசோவால் ஒரு திட்டைச் சுற்றி, ஃபெதர் கொடுத்து, அந்த இடத்துக்கு மட்டும் பிளர் கொடுங்கள். முகம் முழுக்க வேண்டாம். 16 பிட் ஃபைலில் மேல் லேயர் செய்ய அப்ளை இமேஜில் ஆட், இன்வெர்ட், ஸ்கேல் 2, ஆஃப்செட் 0; லேயர் மோட் லீனியர் லைட். 8 பிட்டுக்கு எண்கள் வேறு: சப்ட்ராக்ட், ஸ்கேல் 2, ஆஃப்செட் 128. யூடியூப் பார்த்து ஒன்றை இன்னொன்றில் போட்டால் படம் கொஞ்சம் மாறிவிடும். இரண்டு லேயரும் சேர்ந்தால் பழைய படம் அச்சு அசலாக வர வேண்டும், அதுதான் சோதனை. எங்கள் அப்பா நெகட்டிவ் மேல் பென்சிலால் டச்சப் செய்வார், பிளர் என்கிற வசதியே கிடையாது. அவர் செய்த முகங்களில் பருத் தழும்பு போயிருக்கும், தோல் இருக்கும்.

விளாத்திகுளம் வாசகர்: லேப்டாப்பில் பார்த்தால் ஒரு கலர், போனில் ஒரு கலர், பிரின்ட்டில் ஒரு கலர். எதை நம்புவது?

பதில்: முதலில் நைட் லைட், கண் பாதுகாப்பு மோட் எல்லாவற்றையும் அணையுங்கள். ராத்திரி எடிட் செய்த முகங்கள் காலையில் நீலமாக இருந்தால் குற்றவாளி அதுதான். அப்புறம் பிரைட்னஸ். ஃபுல்லில் வைத்து எடிட் செய்தால் பிரின்ட் கண்டிப்பாக இருட்டாக வரும். கேலிபரேட்டர் (திரையின் நிறத்தை அளக்கும் கருவி) இரவல் கிடைத்தால் 6500 கெல்வின், காமா 2.2, வெளிச்சம் 100 முதல் 120 கேண்டெலா. கிடைக்காவிட்டால் உங்கள் லேபில் நாலு வித முகம் கொண்ட டெஸ்ட் பிரின்ட் ஒன்று போட்டு, பகல் வெளிச்சத்தில் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, பிரைட்னஸை அதற்குச் சமமாக இறக்குங்கள். இறக்கின இடத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு வீட்டில் யாரையும் தொட விடாதீர்கள்.

காரைக்குடி வாசகர்: போட்டோஷாப் வேலையெல்லாம் முடித்த பிறகு ‘கொஞ்சம் வார்மா இருந்தா நல்லாருக்கும்’ என்கிறார்கள். லைட்ரூமுக்குப் போய் மாற்றினால் இரண்டு மூன்று காப்பி முளைத்துவிடுகிறது. எது கடைசி ஃபைல் என்றே தெரியவில்லை.

பதில்: போட்டோஷாப்பில் லேயர்களை இரண்டே குரூப்பாக வையுங்கள். ஒன்றுக்கு ‘நிறம்’, இன்னொன்றுக்கு ‘ஒளி’ என்று பெயர். வார்ம் கேட்டால் நிறம் குரூப்புக்குள் ஒரு போட்டோ ஃபில்டர் லேயர், தேவையானால் முகத்துக்கு மட்டும் மாஸ்க். ஒளி குரூப்பைத் தொட வேண்டியதே இல்லை.

காப்பி முளைப்பது, திறக்கும்போது லைட்ரூம் கேட்கிற கேள்விக்கு யோசிக்காமல் என்டர் தட்டுவதால். அது மூன்று வழி காட்டும். லேயர்கள் உள்ள டிஃப் ஃபைலுக்கு ‘எடிட் ஒரிஜினல்’ கொடுங்கள், அதே ஃபைல் லேயரோடு திறக்கும். ‘லைட்ரூம் அட்ஜஸ்ட்மென்ட்ஸோடு காப்பி’ என்பதைக் கொடுத்தால் லேயரெல்லாம் ஒட்டிப்போன புது ஃபைல் ஒன்று பிறக்கும். ‘எடிட் ஒரிஜினல்’ கொடுத்தால் லைட்ரூமில் அந்த டிஃப் மேல் போட்ட ஸ்லைடர் திருத்தம் போட்டோஷாப்பில் தெரியாது, பயப்பட வேண்டாம், திரும்பி வந்தால் அங்கேயே இருக்கும். ஆனால் ஒரு முறை போட்டோஷாப்புக்குப் போய்விட்ட முகத்துக்கு லைட்ரூமில் மறுபடி நிறம் போடுகிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். கிராப், ஏற்றுமதி இரண்டுக்கு மட்டும் அங்கே வாருங்கள். பிஎஸ்டி (போட்டோஷாப்பின் சொந்த ஃபைல்) ஆகச் சேமிக்கிறவர்கள் ‘மேக்சிமைஸ் கம்பாட்டிபிலிட்டி’யை டிக் செய்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் லைட்ரூம் அந்த ஃபைலை உள்ளேயே விடாது.